அம்மாவின் கொங்குச் சமையல் நூறு இலைக்கு வருமா?

கேள்வி இதுதான்: "எங்களுக்குச் சொந்த ஊர் கோபி பக்கம். இப்போது சென்னையில் மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். அம்மாவின் சாப்பாட்டைச் சாப்பிட்ட எல்லோரும் கடை போடுங்கள் என்கிறார்கள். முப்பது பேர் உட்காரும் அளவில் கொங்கு வீட்டுச் சாப்பாடு என்று போர்டு வைத்து, மதியம் மட்டும் ஒரு மெஸ் தொடங்க நினைக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. சமையல் முழுக்க அவர் கையில். மெனு, ஆட்கள், கணக்கு பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

தொடங்கலாம். நானும் என் பெரியம்மாவும் இதே போன்ற ஒரு மெஸ்ஸைச் சென்னையில் ஒன்பது வருடம் நடத்தினோம். முப்பத்திரண்டு இருக்கை, மதியம் மட்டும், ஞாயிறு கறி. நட்டத்தில் மூடவில்லை. பெரியம்மா பேரன் பேத்தியோடு ஊரில் இருக்க ஆசைப்பட்டார், அதனால் மூடினோம். ஆனால் நீங்கள் பலம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்களே, "சமையல் முழுக்க அவர் கையில்" என்று, அந்த வரிதான் எனக்கு உறுத்துகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் வாடிக்கையாளர் என்ன எதிர்பார்த்து உள்ளே வருகிறார் என்று பார்க்கலாம். சென்னையில் ஊர்ச் சமையல் என்றாலே பலருக்குச் செட்டிநாடுதான். கல்பாசி, அன்னாசிப்பூ, மிளகு எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறும் குழம்பு. நம் ஊர்ச் சாப்பாடு அந்த வகை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மண், மானாவாரி நிலமும் நிறைய. அதில் விளைந்த கொள்ளு, தட்டப்பயறு, பச்சைப்பயறு, கம்பு, ராகி, அதோடு தேங்காய், மஞ்சள், சின்ன வெங்காயம். மசாலா ஒதுங்கி நிற்கும், பருப்பும் பயறும்தான் முன்னால் நிற்கும். எங்கள் கடையில் முதல் மாதம் பள்ளிபாளையம் சிக்கன் கேட்ட ஒருவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "மசாலா போட மறந்துட்டீங்களா?" என்றார். அதில் மசாலாத் தூளே கிடையாது. விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, அவ்வளவுதான். அன்றைக்கு அதைச் சொல்லி அவருக்குப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. 1960-இல் ஈரோட்டில் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா போன்ற கடைகள் பல ஊர்களில் கிளை விரித்த பிறகு இந்த விளக்கம் சொல்லும் வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் நீங்கள் மெனு பலகையில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். "இதில் மசாலாத் தூள் கிடையாது" என்று ஒரு வரி எழுதினோம், அதன் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. சொல்லப்போனால் அதைப் படித்துவிட்டே பலர் கேட்டு வாங்கினார்கள்.

மெனுவைப் பொறுத்தவரை, வீட்டில் நன்றாக வருவதெல்லாம் கடையில் வராது. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று அம்மாவோடு உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். காத்திருக்காததில் முதலிடம் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு. நம் ஊர்க்காரர்கள் அதைத் தேடித்தான் கடைக்கு வருவார்கள், அதைப் போடாமல் கொங்கு என்று போர்டு வைக்க முடியாது. ஆனால் என்னை அதிகம் அழவைத்ததும் அதுதான்.

தொடங்கிய வாரத்தில் பெரிய அண்டாவில் ஒரே தடவையாகச் சமைத்துவிட்டோம். பன்னிரண்டரைக்குத் திறந்தபோது பிரமாதமாக இருந்தது. கரண்டியில் எடுத்தால் குழைவாக வழுக்கி விழுந்தது. ஒன்றே முக்காலுக்கு அதே அண்டாவில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. மூடிய பாத்திரத்தில் சூட்டோடு இருக்க இருக்க அரிசியும் பருப்பும் மிச்சத் தண்ணீரையும் குடித்துவிடும். பெருந்துறைக்காரர் ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏனுங்க, இது நேத்து வெச்சதுங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவர் நிஜமாகவே சந்தேகமாகக் கேட்டார்.

அப்புறம் முறையை மாற்றினோம். மூன்று கிலோ அரிசிக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு என்று மூன்று பாத்திரங்களில் தனித்தனியாக அளந்து, கழுவி ஊறவைத்துவிடுவது. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாய், சீரகம் வதக்கிய வதக்கல் மட்டும் காலையிலேயே மொத்தமாகத் தயார். பன்னிரண்டு மணிக்கு ஒரு ஈடு, பன்னிரண்டு ஐம்பதுக்கு அடுத்தது, ஒன்று நாற்பதுக்குக் கடைசி. கடைசி ஈட்டை வைப்பதா வேண்டாமா என்று ஒன்றரைக்கு வாசலைப் பார்த்து முடிவெடுப்போம். பக்கத்தில் ஒரு தூக்கில் கொதிநீர் எப்போதும் இருக்கும். இறுக ஆரம்பித்தால் ஒரு கரண்டி விட்டுக் கிளறி, இலையில் போட்ட பின் நெய் விட்டால் வீட்டுப் பக்குவம் திரும்பிவிடும். இன்னொன்று, வீட்டில் ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர் என்றால், பெரிய பாத்திரத்தில் அதே கணக்கைப் பெருக்கி ஊற்றாதீர்கள். பெரிய பாத்திரத்தில் ஆவியாகப் போகும் பங்கு குறைவு. எங்களுக்கு மூன்றே சரியாக இருந்தது. தாளிக்கும் எண்ணெயும் அப்படித்தான், முப்பது மடங்கு சமையலுக்கு முப்பது மடங்கு எண்ணெய் ஊற்றினால் மிதக்கும்.

காத்திருக்கும் பதார்த்தங்களில் ராஜா கொள்ளு. முதல் நாள் இரவு ஊறவைத்து, காலையில் குக்கரில் வேகவைத்து வடித்தால் வெந்த தண்ணீர் ரசத்துக்கு, பயறு கடைசலுக்கு. ஒரே கொள்ளில் இரண்டு பதார்த்தம், இரண்டுமே நேரம் ஆக ஆக ருசி ஏறும். செலவுக் கணக்கு பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல தானியம் கிடைக்காது. ஒரே எச்சரிக்கை, கிரைண்டரில் ஓடவிட்டுவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், எனக்கும் அதில் பெருமைதான், ஆனால் கொள்ளுக்கு அது கொஞ்சம் அதிக சாமர்த்தியமான இயந்திரம். மூன்று நான்கு நிமிடத்தில் மாவாக்கிவிடும். ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாதிரி பாதி நசுங்கி, பாதி பயறாகத் தெரிய வேண்டுமென்றால் பக்கத்திலேயே நின்று நிறுத்த வேண்டும்.

தட்டப்பயறு குழம்பு, பச்சைப்பயறு கடைசல், கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்பு எல்லாம் தாராளமாகக் காத்திருக்கும். பொரியலில் தேங்காய்த்துருவலை முன்பே கலக்காமல் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். சென்னை மே மாதத்தில் இரண்டு மணிக்குள் புளித்துவிடும்.

சந்தகை, அதாவது மாவை இட்லியாக வேகவைத்து அச்சில் பிழியும் நம் ஊர்ச் சேவை, வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மாதம் ஒரு ஞாயிறு வையுங்கள். தினமும் வைக்க முடியாது. ஆவியில் வெந்த மாவைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிந்துவிட வேண்டும், ஆறிவிட்டால் கைப்பிடியில் தொங்கினாலும் இறங்காது. எங்கள் வீட்டில் அந்த வேலைக்கென்றே மாமாவைக் கூப்பிடுவார்கள். கடையில் ஒரு ஆள் இட்லி எடுக்க, ஒரு ஆள் அழுத்த, ஒரு ஆள் தேங்காய்ப்பால் பிழிய என்று மூன்று பேர் அதற்கே போய்விடுவார்கள். ஆனால் சந்தகை ஞாயிறன்று வாசலில் கூட்டம் நிற்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் மாஸ்டர், சப்ளையர் என்றுதான் யோசிப்பார்கள். கொங்கு மெஸ்ஸுக்கு முதலில் வேண்டியது வெங்காயம் உரிக்க ஆள். நூறு இலைக்கு எங்களுக்குத் தினமும் ஆறு கிலோ சின்ன வெங்காயம் ஆயிற்று. இரண்டு அக்காக்கள் காலை ஏழு மணிக்கு வந்து அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு தலையும் வாலும் கிள்ளி உரித்தால் ஒன்பதரை ஆகும். அதற்கு நடுவில் வரமிளகாயைக் கிள்ளி விதை உதிர்க்கும் வேலையும் அவர்களுக்குத்தான். தும்மலோடு தும்மலாகத்தான் எங்கள் கடை காலையில் விழிக்கும். உரித்த வெங்காயம் பாக்கெட்டில் கிடைக்கிறதே என்று ஒரு மாதம் வாங்கிப் பார்த்தேன். மதியத்துக்குள் ஒரு வாடை வந்துவிடுகிறது, பெரியம்மா மூடியைத் திறந்த வேகத்தில் மூடினார். பல்லாரி, அதாவது பெரிய வெங்காயம், போடலாமா என்றால், பொரியலுக்குப் போடலாம், யாருக்கும் தெரியாது. பள்ளிபாளையத்துக்கும் அரிசிம்பருப்புக்கும் போட்டால் இனிப்புத் தட்டும், தண்ணீர் விடும். 2019 கடைசியில் வெங்காய விலை தாறுமாறாக ஏறியபோது நாங்கள் பல்லாரிக்குப் போகவில்லை. வெங்காயக் காரக்குழம்பை மட்டும் இரண்டு மாதம் நிறுத்தி, அந்த நாளில் தட்டப்பயறு வைத்தோம். "விலை இறங்கியதும் வரும்" என்று பலகையில் எழுதினோம். வந்தவர்கள் சிரித்தார்கள், ஒருவரும் சண்டை போடவில்லை.

இப்போது உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

கடை தொடங்கிய இரண்டாம் வருடம், தீபாவளி முடிந்த வாரம், பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் கட்டு. கடையில் இரண்டு உதவியாளர்கள் இருந்தார்கள், இருவரும் அவர் சொல்வதைச் செய்பவர்களே தவிர எதற்கு எவ்வளவு என்று தெரியாது. முதல் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தோம். மூன்று நாளும் மூன்று விதமான குழம்பு. நான்காம் நாள் பூட்டினோம், கட்டு பிரிக்கும் வரை பூட்டிக் கிடந்தது. மாத டோக்கன் வாங்கியிருந்த இருபத்தேழு பேரில் திரும்பி வந்தவர்கள் பதினொன்று. மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது, மனிதனுக்குத் தினமும் ஒரு மணிக்குப் பசிக்கிறது.

அவர் மறுபடி கரண்டி பிடித்ததும் நான் செய்த முதல் காரியம் ஒரு தராசு வாங்கியது. அதுவரை உப்பு எவ்வளவு என்று கேட்டால், "பாத்துப் போடறதுதான் கண்ணு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அதனால் கேட்பதை விட்டேன். காலையில் அவர் தொடங்கும் முன் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, மல்லித்தூள் டப்பா, எண்ணெய்த் தூக்கு, புளி உருண்டை எல்லாவற்றையும் நிறுத்து எழுதிக்கொள்வேன். சமையல் முடிந்ததும் மறுபடி நிறுப்பேன். கழித்தால் அன்றைய கை அளவு. இப்படியே ஒரு மாதம்.

நோட்டைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்து லிட்டர் குழம்புக்கு அவர் போட்ட உப்பு நாளுக்கு நாள் ஒரு சிட்டிகை அளவுதான் மாறியிருந்தது. அத்தனை வருடமாக "பார்த்து" போட்டது தராசை விடச் சரியாக இருந்தது. ஆனால் மிளகாய்த்தூளும் புளியும் நன்றாகவே ஏறி இறங்கியிருந்தன. கவனித்தால் காரணம் தெரிந்தது. புது மூட்டை மிளகாய் அரைத்து வந்த அன்று ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் குறைத்துப் போட்டிருக்கிறார். பழைய புளி என்றால் நிறத்தைப் பார்த்தே குறைத்திருக்கிறார். ஆக, நோட்டில் இரண்டு பட்டியல் ஆயிற்று: நிறுத்துப் போட வேண்டியவை, நாக்கில் வைத்துப் பார்த்துப் போட வேண்டியவை. முதல் பட்டியலை யாரிடமும் கொடுக்கலாம். இரண்டாவதை எழுதிக் கொடுத்துப் பயன் இல்லை. உதவிக்கு இருந்த அக்காவைத் தினமும் பெரியம்மா பக்கத்தில் நிற்கவைத்து, பெரியம்மா ருசி பார்க்கும்போதெல்லாம் அந்த அக்காவையும் ருசி பார்க்கச் சொன்னோம். நாலைந்து மாதத்தில் பெரியம்மா ஊருக்குப் போனால் அந்த அக்கா தனியாகச் சமைத்தார். வாடிக்கையாளர்களில் ஒரே ஒருவர்தான் கண்டுபிடித்தார், அவரும் ரசத்தில்தான்.

நீங்கள் கடை திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். "எங்கிட்டயே கணக்குப் பாக்கறயா" என்பார். பொறுத்துக்கொள்ளுங்கள். அதோடு அவருக்கு மாதச் சம்பளம் என்று ஒரு தொகையைக் கணக்கில் எழுதுங்கள், கையிலும் கொடுங்கள். அம்மாவின் உழைப்பைச் சும்மா என்று வைத்துக்கொண்டு விலை போட்டால், நாளைக்கு ஒரு மாஸ்டரை வைக்க வேண்டி வரும்போது அந்த விலையில் கடை ஓடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை கண்டிப்பாக வேண்டும். 58 வயதில் அடுப்படிச் சூட்டில் ஏழு நாளும் நின்றால் இரண்டு வருடம்கூடத் தாங்காது.

கணக்கு. புழுங்கலரிசி ஒரு கிலோவுக்கு ஆறு இலை என்று வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகும் இளைஞர்கள் அதிகம் வரும் இடம் என்றால் ஐந்து. சாமான் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். நெய், நல்லெண்ணெய், தேங்காய் என்று போகும் நம் சமையலில் எங்களுக்கு அது நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. 2025-இல் தேங்காயும் தேங்காய் எண்ணெயும் ஏறிய ஏற்றத்தைப் பார்த்தபோது, நல்ல வேளை மூடிவிட்டோம் என்று தோன்றியது. வாழை இலை விலையை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். முகூர்த்த நாளில் கட்டு விலை இரட்டிப்பாகும், காலண்டரைப் பார்த்து முதல் நாளே வாங்கி ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். சாதம் அளவில்லாமல் போடுங்கள், அதில் கை சுருக்கினால் வீட்டுச் சாப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. நெய்யும் பொரியலும் அளவோடு.

கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும். நாட்டுக்கோழி என்று எழுதினால் நாட்டுக்கோழியே போடுங்கள். நம் ஊர் ஆள் எலும்பைக் கடித்ததும் கண்டுபிடித்துவிடுவார். நிஜ நாட்டுக்கோழி வேக பிராய்லரைப் போல இரண்டு மடங்கு நேரமாவது எடுக்கும், எரிவாயுச் செலவையும் சேர்த்து விலை போடுங்கள். பண்ணையில் வளர்ந்ததென்றால் அப்படியே எழுதிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

செயலி மூலம் வீட்டுக்கு அனுப்புவதை நான் ஒரு வருடம் முயன்று விட்டுவிட்டேன். கமிஷன் ஒருபக்கம். இன்னொரு பக்கம், அரிசிம்பருப்பு டப்பாவில் முக்கால் மணி நேரம் இருந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். ஒரு ஒற்றை நட்சத்திர விமர்சனத்தில் "சாதம் கத்தியால் வெட்டும்படி இருந்தது" என்று எழுதியிருந்தார்கள். பொய் இல்லை. பார்சல் கேட்டு நேரில் வருபவர்களுக்குக் கொடுங்கள், எவர்சில்வர் தூக்கு கொண்டுவந்தால் ரசம் ஒரு கரண்டி கூட என்று சொல்லுங்கள். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடையில் இருக்கிறது, ரசத்தைக் கவரில் கட்டித் தரும் பழக்கத்துக்கு அதனால் முன்பே விடை கொடுத்துவிட்டோம்.

உரிமங்கள் பற்றிச் சுருக்கமாக. உணவுப் பாதுகாப்புத் துறையில் விற்றுமுதலுக்கு ஏற்பப் பதிவு அல்லது உரிமம், மாநகராட்சித் தொழில் உரிமம், வணிக சிலிண்டர் இணைப்பு. வீட்டு சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ஜிஎஸ்டி எனக்கு வராது என்று நினைக்காதீர்கள். 130 ரூபாய்ச் சாப்பாடு, நூறு இலை, மாதம் 26 நாள் என்றால் ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டுகிறது, பதிவு வரம்பு 20 லட்சம். ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து, தொகுப்புத் திட்டமா (விற்றுமுதலில் ஒரு நிலையான சதவீதம் மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறை) சாதாரணப் பதிவா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். தொகுப்பில் போனால் பில்லில் தனியாக வரி வாங்கக் கூடாது, விலைக்குள் அடக்க வேண்டும்.

கடைசியாக, இடம். வாடகை, பார்க்கிங், பக்கத்தில் அலுவலகங்கள் இருக்கின்றனவா என்றெல்லாம் நீங்களே பார்ப்பீர்கள். நீங்கள் பார்க்காமல் விடப்போவது தண்ணீர். ஊரில் அரை மணி நேரத்தில் மலரும் துவரம்பருப்பு, சென்னைப் புறநகர் போர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதித்தும் முழித்துக்கொண்டு நிற்கும். தண்ணீரின் கடினத்தன்மை பருப்பையும் பயறையும் சீக்கிரம் இளக விடாது. கொள்ளு இன்னும் மோசம். எங்கள் கடையில் முதலில் இது தெரியாமல் என் அம்மாவும் பெரியம்மாவும் பருப்பு வாங்கிய கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார்கள், பாவம், மூன்று மளிகைக் கடை மாற்றினோம். பிறகுதான் பருப்புக்கும் பயறுக்கும் மட்டும் கேன் தண்ணீர் என்று வைத்தோம், தினமும் நான்கு கேன், அது ஒரு தனிச் செலவு. அதனால் இடம் பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், உரிமையாளரிடம் கேட்டு ஒரு கேன் நிறைய அந்தக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள். கால் கிலோ துவரம்பருப்பும் கால் கிலோ ஊறவைத்த கொள்ளும் அதில் வேகவைக்க அம்மாவிடம் கொடுங்கள். எந்தத் தண்ணீர் என்று சொல்லாதீர்கள். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு, அப்புறம் செக் எழுதுங்கள்.